கூழாங்கல் முகவரியில் நாற்பத்து மூன்று கனவுகள்

இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, இரண்டாவது மாடி வீட்டின் சமையலறை மேசையில் இருந்த கணினியிலிருந்து சின்னவள் ஒரு விண்ணப்பத்தை அனுப்பினாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது தொழில். பதினோரு ஆண்டுகளாக எழுதிவந்த தன் கனவுப் புத்தகத்தை ஓர் இணைய முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு மாற்றித் தரும்படி அவள் கேட்டிருந்தாள். பத்து நாள்களுக்குள், அதாவது பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை முடிவதற்குள், பழைய முகவரி தன் ஒப்புதலைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் வேறோர் ஊரில் வேலையேற்கப் புறப்படுகிறாள். பழைய முகவரி அவளுடைய அக்காவின் பெயரில் இருந்தது.

அக்காவாகிய பெரியவள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு இன்னும் மூடுபனிக்குள் இருந்தது. எதிர்வீட்டுக் கூரை மட்டும், கீழே எதுவும் இல்லாமல், தனியாக மிதந்தது.

"அக்கா, நம்ம முதல் பக்கத்துல ஒரே ஒரு வரி சேர்க்கணும். உனக்கு அனுப்பியிருக்கேன், பாரு."

"என்ன வரி?"

"வெளியில தெரியாத வரிதான். என் புது முகவரியைக் காட்டி, 'இதுவும் நானே'ன்னு சொல்லும். அதைப் பார்த்தாத்தான் புத்தகத்தை மாத்துவாங்க."

"முழுசாவா?"

"முழுசாத்தான். பாதி மட்டும் மாத்துற வசதி கிடையாதாம். என் புத்தகம்தானே, நான் எதுக்குப் பாதி கேக்கப்போறேன்? மாத்தினதும் மொத்தத்தையும் ஒரே கட்டா அனுப்புவாங்க. அங்க போனதும் அச்சடிச்சு, தனியா உக்காந்து, முதல் தடவையா படிக்கப்போறேன்."

பெரியவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே பால் எழும்பி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, வழிந்து ஓடியது.

"அக்கா, பால்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதான் தெரியுதே."

கூழாங்கல் என்ற சொல், ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து. இதுதான் அந்த முகவரி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பெரியவள் அதைப் பதிவு செய்தாள். அந்தத் தளத்தில் ஒரே ஒரு பக்கம் உண்டு. வெள்ளைப் பின்னணியில் ஒரு கூழாங்கல்லின் படம், வேறொன்றும் இல்லை. அதில் விற்பதற்கு எதுவும் இல்லை. அதைத் தேடி வருபவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலை இருந்தது. மற்றத் தளங்களுக்குள் நுழைய, ஊரார் செய்வதுபோல் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கைக் காட்டி, அந்த நிறுவனம் "ஆமாம், இவளை எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டியதில்லை. சொந்த முகவரியை எழுதிக்கொடுத்தால் போதும். அந்தத் தளம் தானே கூழாங்கல் பக்கத்துக்கு வந்து பார்க்கும். பக்கத்தின் அடியில், படிப்பவர் கண்ணில் படாத வரியொன்றில் குறித்திருக்கும் அஞ்சல் பெட்டிக்குக் கடிதம் போடும். கடிதத்தைத் திறந்து 'ஆம், நான்தான்' என்று அழுத்தினால் கதவு திறந்துவிடும். கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தலையைச் சொறிய வேண்டாம். சொந்த வீடே வீட்டுக்காரிக்குச் சாட்சி என்று பெரியவள் இதை விளக்குவது வழக்கம்.

சின்னவளும் அக்காவின் கூழாங்கல் முகவரியையே காட்டி மூன்று தளங்களுக்குப் போய்வந்தாள்; கடிதம் வரும் பெட்டி வீட்டுக் கணினியில் இருவருக்கும் பொதுவாகத் திறந்திருந்தது. வில்லை தேய்ப்பவர்கள் தொழில் பேசும் தளம் ஒன்று, பழைய நூல்களைப் பரிமாறிக்கொள்ளும் தளம் ஒன்று, மூன்றாவது கனவேடு. கண்ட கனவை விழித்தவுடன் எழுதி வைக்கும் இடம் அது. யாரோ ஒரு கடிகாரப் பழுதாளர் ஓய்வு நேரத்தில் அதை நடத்துகிறார் என்று கேள்வி. அங்கே பெயர் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை. முகவரியைத் தவிர எதையும் கேட்பதில்லை. சின்னவள் காலைத் தேநீருக்கு முன் பத்து வரி எழுதிவிட்டு எழுந்து போவாள். எழுதியதைத் திரும்பப் படிக்கமாட்டாள். படித்தால் அடுத்த கனவு கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் போய்விடும் என்பது அவள் கட்சி.

வீடு சாட்சி சொல்லும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் இருக்கும் இருவரில் வந்தது எவர் என்று சொல்ல வீட்டுக்குத் தெரியாது. இங்கேதான் பெரியவள் வழுக்கினாள்.

பெரியவள் மருத்துவமனை ஒன்றின் ஆவண அறைக்குப் பொறுப்பாளர். முப்பத்தோர் ஆண்டுகளாக நோயாளிகளின் கோப்புகளை எண் வாரியாக அடுக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்துவந்தாள். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எழுத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது அவளுடைய இரத்தத்தில் ஊறிய விதி. அந்த விதிதான் அவளை மாட்டிவிட்டது.

ஏழு ஆண்டுகளுக்கு முன், சின்னவள் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, பெரியவள் கூழாங்கல் பக்கத்தை, அது குடியிருந்த வழங்கிக் கணினியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றினாள். மாற்றிய பின் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமல்லவா? கனவேட்டைத் திறந்து முகவரியை எழுதினாள். கடிதம் வந்தது. 'ஆம், நான்தான்' என்று அழுத்தினாள். கதவு திறந்தது. வெளிர்நீலப் பக்கம் ஒன்று அவள் முன் விரிந்து, "காலை வணக்கம். இன்று என்ன கண்டீர்கள்?" என்று கேட்டது. கீழே ஒரு காலிக் கட்டம்.

பெரியவளுக்குக் கனவே வராது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட செய்தி. "அக்கா தூங்கினா, கதவைச் சாத்தின கடை மாதிரி" என்று சின்னவள் உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பெரியவள் மறுத்ததில்லை. அன்று காலை அந்தக் காலிக் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது, இரவு தான் எதையோ கண்டது அவள் நினைவுக்கு வந்தது. ஆவண அறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கோப்புகள் நனையாமல் படகுகளைப்போல் மிதக்கின்றன. அவள் நடுவில் நின்று எண்ணைச் சொல்லிக் கூப்பிட, அந்தக் கோப்பு மட்டும் மற்றவற்றை மெல்ல விலக்கிக்கொண்டு அவளிடம் வருகிறது. கடைசியில் எவருக்கும் கொடுக்கப்படாத எண் ஒன்றை அவள் சொன்னாள். தொலைவில், இருட்டில், ஏதோ அசைந்தது.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள். எழுதி முடித்ததும் நாள் முழுக்கக் கால் தரையில் படாமல் நடந்தாள்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகளில், சின்னவள் கடைக்குப் போன பின் கிடைத்த காலைகளில், நாற்பத்திரண்டு முறை அவள் அதையே செய்தாள். ஒவ்வொரு முறையும் தேதியைத் தன் குறிப்பேட்டில் பதிந்துகொண்டாள். தளம் அவளை நாற்பத்து மூன்று முறை யாரென்று கேட்டது. அவளும் நாற்பத்து மூன்று முறை தங்கையாக நின்று 'நான்தான்' என்றாள். தனக்கென்று வேறொரு முகவரி வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கினால், கனவு காண்பவள் என்று தன் பெயரில் ஒரு பதிவு உண்டாகிவிடும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த ஒரு வரியைச் சேர்த்தால், புத்தகம் முழுவதும் சின்னவளுடைய புது முகவரிக்குப் போய்விடும். நாற்பத்து மூன்றும் சேர்ந்தே போகும். சின்னவள் அவற்றைப் படிப்பாள். தன் அறைக்குள் அக்கா ஏழு ஆண்டுகளாக வந்துபோயிருப்பது தெரியும். வரியைச் சேர்க்காவிட்டால், பதினோரு ஆண்டு உழைப்பு தங்கையின் கைக்குப் போகாமல் இங்கேயே நின்றுவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் அவளுக்குத் தங்கை நட்டம்.

"போடுறேன்," என்று அன்று காலை சொல்லிவிட்டு, அடுப்பைத் துடைத்தாள். போடவில்லை.

புதன்கிழமை ஆவண அறையில் அவள் ஒரே கோப்பை மூன்றாம் முறையாக அதே இடத்தில் வைத்தாள். அங்கே அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணுக்குத் தூசி ஆகாது. ஆகவே அவளுக்குத் தும்மல் என்றே பெயர் விழுந்திருந்தது. மருத்துவர்கள்கூட "தும்மலைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

"மேடம், உடம்புக்கு ஏதாவது முடியலையா? அந்தக் கோப்பு எங்கயும் ஓடிப்போகாது. விடுங்க."

பெரியவள் அடுக்குகளுக்கு நடுவே இருந்த நீண்ட இடைகழியைப் பார்த்தாள். மேல் ஜன்னலிலிருந்து விழுந்த ஒளி தரையில் அலைந்தது. தரை ஈரமாக இருக்கிறதோ என்று குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உலர்ந்துதான் இருந்தது.

"ஒரே கோப்புல ரெண்டு நோயாளியோட விவரம் கலந்து கிடந்தா என்ன பண்ணுவே?"

"பிரிப்பேன்."

"பிரிக்க முடியாதுன்னா?"

"அப்படின்னா ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கணும், மேடம்."

"சிரிக்கக் கேக்கல."

"சரி, ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்காரவெச்சு, எது உங்களுதுன்னு கேளுங்க. அவங்க இருக்கும்போது நாம எதுக்குத் தும்மிச் சாகணும்?" என்று சொல்லி, சொன்னபடியே மூன்று முறை தும்மினாள்.

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. பெரியவள் அதை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழன் போயிற்று. வெள்ளியன்று, பக்கத்தின் மற்ற வரிகளைச் சரிபார்த்துவிட்டுச் சேர்ப்பதாகச் சொன்னாள். சனிக்கிழமை, விடுமுறை நாளில் மாற்றம் செய்தால் ஏதாவது கோளாறு வந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது என்றாள். ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கூடத்தில் பெட்டியை விரித்துப் போட்டு, தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்: வில்லையின் தடிமன் பார்க்கும் அளவி, இரண்டு குறடுகள், திருகாணிகள் நிறைந்த சின்னச் சின்ன டப்பாக்கள். வெயில் பட்ட சோதனை வில்லைகள் சுவரெங்கும் வட்ட வட்டமாக ஒளியைச் சிந்தின. அந்த வட்டங்கள் சுவரில் மெல்ல நீந்துவதைப் பெரியவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவற்றில் ஒன்று தன் புடவைமேல் ஏறியபோது அசையாமல் நின்றாள்.

"அக்கா, ஒரு வரி. வீடு கட்டித் தரச் சொல்லல."

"அவசரப்பட்டா எதுவும் உருப்படாது."

"நீயா பேசுறே? மின்சார ரசீது வர்றதுக்கு முந்தியே அதுக்குக் கோப்பு போட்டு வைக்கிறவ நீ." சின்னவள் குறடைத் துணியில் இறுக்கிச் சுற்றினாள். "நான் போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லு. வரியை வெச்சு என்னை நிறுத்தப் பாக்காதே."

"நீ தாராளமாப் போ. உன்னை யார் பிடிச்சு வெச்சிருக்கா?"

"அதையும் இப்படித்தான் சொல்லுவியா?"

பெரியவள் பிடி கொடுக்கவில்லை. அன்று இரவு தூக்கத்தில், தெருவின் வீடுகளெல்லாம் மெல்ல எழுந்து, தத்தம் கதவு எண்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கக் கண்டாள். அவள் வீட்டின் கையில் மட்டும் எண் இல்லை. வீடு அவளைப் பார்த்து, "நான் யார் என்று சொல்" என்றது.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, சின்னவள் எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்பினாள். அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்ததும் பெரியவள் கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. குறிப்பேட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று தேதிகளையும் எடுத்து, தன் கனவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிடுவது. பிறகு வரியைச் சேர்ப்பது. புத்தகம் சுத்தமாகத் தங்கையிடம் போகும். எவருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

முகவரியை எழுதினாள். கடிதம் வந்தது. 'ஆம், நான்தான்.' முதல் தேதிக்குப் போய், கோப்புகள் மிதக்கும் அந்த அறையைத் திறந்து, நீக்குவதற்கான இடத்தில் அழுத்தினாள். வெளிர்நீலப் பக்கம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது: "இதைக் கண்டவர் நீங்கள்தானா?" கீழே இரண்டு விடைகள்: ஆம், இல்லை.

'ஆம்' என்றால் அழிந்துவிடும். 'இல்லை' என்றால் அப்படியே இருக்கும். எழுத்தில் கேட்ட கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும். அவள் விரல் 'ஆம்' என்பதன்மேல் நின்றது. இதுவரை அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கொடுக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தபோது, உண்மையைச் சொன்னால் கனவு போய்விடும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரையின் நீலம் மேசையில் பரவி, மேசையிலிருந்து வழிந்து, தரையெங்கும் தேங்கி நின்றதுபோல் இருந்தது.

"குடையை மறந்துட்டேன்," என்று சின்னவளின் குரல் பின்னால் கேட்டது.

பெரியவள் திரும்பவில்லை. திரையை மறைக்கவும் இல்லை. மறைத்துப் பழக்கமில்லாத கை.

சின்னவள் நின்றபடியே படித்தாள். மழைத்துளி அவள் நெற்றியிலிருந்து மூக்குக்கண்ணாடிமேல் விழுந்தது; துடைத்துக்கொள்ளாமல் படித்தாள்.

"இது நான் எழுதினது இல்லையே."

"இல்லை."

"அப்ப யாரு?"

பெரியவள் குறிப்பேட்டை மேசைமேல் அவள் பக்கம் தள்ளிவைத்தாள். சின்னவள் ஒரு பக்கத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். எல்லாம் தேதிகள். சீராக, ஒன்றின் கீழ் ஒன்றாக.

"உனக்குத்தான் கனவே வராதே?"

"நீங்க எல்லாரும் சொன்னீங்க."

"நீ இல்லைன்னு சொன்னியா? ஒரு வார்த்தை?" சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "ஏழு வருஷமா நானா உள்ள போயிட்டு வந்திருக்கே. நான் பல் தேய்க்கிறதுக்கு முந்தி யார்கிட்டயும் சொல்லாததை எல்லாம் அங்கதான் கொட்டி வெச்சிருக்கேன். அதையும் படிச்சியா?"

"ஒண்ணுகூடப் படிக்கல."

"எப்படி நம்புறது?"

"நான் என்னைக்காவது அடுத்தவங்க கோப்பைத் திறந்து பார்த்திருக்கேனா?"

"இது ஆஸ்பத்திரி இல்லை, அக்கா."

குடையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப்போனாள். பெரியவள் 'இல்லை' என்பதை அழுத்தினாள். கனவு அழியாமல் நின்றது. அதற்காக அவளுக்கு உண்டான நிம்மதியைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப்போல் நடமாடினார்கள். "உப்பு எங்கே?" என்பதற்குமேல் பேச்சு இல்லை. சின்னவள் புதன்கிழமை காலையில் கனவும் எழுதவில்லை. கணினியைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தாள். பெரியவள் அலுவலகத்துக்குப் போய், தும்மலிடம் முகங்கொடுத்துப் பேசாமல் வேலையை முடித்துவிட்டு, நாலரை மணிக்கே வீடு திரும்பினாள். திரும்பியதும் முதல் காரியமாக, யாரும் கேட்காமலேயே, கூழாங்கல் பக்கத்தைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தாள். 'இதுவும் நானே.' ஒன்பது நாள்களாகச் சேர்க்க முடியாத வரியைச் சேர்க்க இருபது விநாடி பிடித்தது. அதன்பின் சின்னவள் அறை வாசலில் போய் நின்றாள்.

"வரியைப் போட்டுட்டேன். நீ நாளைக்குள்ள அங்க போய் உறுதிப்படுத்தினா புத்தகம் உன்கிட்ட வந்துடும். என்னுது நாற்பத்து மூணும் அதோட வரும். வேண்டாத கனவுன்னு நினைச்சா நீயே நீக்கிடு. எனக்கு முடியல."

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கிட்டு வா," என்றாள்.

இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலில் மாலை வெயில் சாய்ந்து, மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளையின் வழியே ஒரு நீளமான தங்கக் கோட்டை இழுத்திருந்தது. பெரியவள் தேதியைப் படித்தாள். சின்னவள் அந்தத் தேதியைத் தேடித் திறந்தாள். கட்டடங்கள் கண்ணாடி போட்டுக்கொள்ள வரும் கடை ஒன்று நடுவில் வந்தது. ஜன்னல் ஜன்னலாக நம்பர் பார்த்து வில்லை பொருத்துகிறார்கள்.

"இது உன்னுதா?" என்றாள் சின்னவள்.

"இல்லை. நீ தேதி மாத்தித் திறந்திருக்கே. இது உன்னுது."

"அப்படியா? நல்லாத்தான் இருக்கு." திரும்பப் படிப்பதில்லை என்ற விரதத்தைத் தான் முறித்துவிட்டதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. "சரி, அடுத்தது."

பெரியவளுடைய கனவுகளில் பதினேழாவது ஒரு ரயில். சின்னவள் அதை வாய்விட்டே படித்தாள்: "கடலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தண்டவாளம் இல்லை. ரயில் மெல்லப் போகிறது. எதிர் இருக்கையில் அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். நூல் ஜன்னல் வழியாக வெளியே போகிறது. அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்க்க எழுந்தேன். விழிப்பு வந்துவிட்டது."

படித்து முடித்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"மறுமுனை ஒரு மேசைகிட்ட இருந்துச்சு," என்றாள் சின்னவள்.

"என்ன?"

"ரயில்ல இருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணி இளஞ்சூடா இருந்துச்சு. ரொம்ப தூரம் நடந்தேன். தண்ணிக்குள்ள ஒரு மேசை. பக்கத்துல நாற்காலி போட்டு நீ உக்காந்திருந்தே. மடியில நூல்கண்டு. சிக்கு எடுத்து எடுத்து விட்டுக்கிட்டிருந்தே. கூப்பிட்டேன், நிமிரல. எண்ணிக்கை தப்பிடும்னு சொன்னே."

"இதை எப்ப எழுதினே?"

"எழுதல. அன்னைக்குக் கடைக்கு நேரமாயிடுச்சு."

"இப்ப நீயா கட்டிச் சொல்றே."

"இருக்கலாம்." சின்னவள் குவளையை நகர்த்தினாள்; தங்கக் கோடு நெளிந்தது. "ஆனா தண்ணி சூடா இருந்தது காலுக்கு ஞாபகம் இருக்கு. அந்த வருஷம்தான். அம்மா போனப்புறம் அவங்க அறையைக் காலி பண்ணின மாசம்."

பெரியவள் குறிப்பேட்டில் அந்தத் தேதியைப் பார்த்தாள். அந்த மாதம்தான். எந்தப் பதிவுக்கு எதிரேயும் ஒரு கேள்விக்குறி போடாத அவள், பென்சிலை எடுத்தாள். எதுவும் எழுதாமல் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்," என்றாள் சின்னவள். "ஏன் சொல்லல? கேலி பண்ணுவேன்னா?"

"நீ கனவு காண்றவ, நான் கதவைப் பூட்டி, பால்காரரைப் பார்த்து, அம்மாவுக்கு மருந்து கொடுக்கிறவ. அப்படிப் பிரிச்சு வெச்சிருந்தோம். ரெண்டு பேருமே கனவு கண்டா யார் பூட்டுறது?"

"அதனால என் பேர்ல கண்டே."

"உன் பேர் இல்லை. முகவரி."

"அங்க ரெண்டும் ஒண்ணுதான், அக்கா."

பெரியவள் ஒப்புக்கொள்வதுபோல் தலையை அசைத்தாள். "தப்புதான்," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்தது, மேசைமேல் உட்கார்ந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"இன்னும் கோபம்தான்," என்றாள் சின்னவள். "ஊருக்குப் போயும் இருக்கும், தெரியுமா? நீ ஒண்ணுகூடப் படிக்கலைங்கறதை நம்புறேன். அதுவும் கோபமாத்தான் இருக்கு. ஒண்ணாவது படிச்சிருக்கலாம்ல?"

இருபத்தாறாவது தேதிக்கு வந்தபோது வெயில் மேசையை விட்டு இறங்கிவிட்டது. மிச்சத்தைத் திறக்கவில்லை. பிரிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. சின்னவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

மறுநாள், மார்ச் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலையில், பின்வருமாறு முடிவு செய்யப்பட்டது. புத்தகத்தை மாற்றும் விண்ணப்பத்தைச் சின்னவள் திரும்பப் பெற்றுக்கொண்டாள்; புத்தகம் கூழாங்கல் முகவரியிலேயே இருக்கும். 'இதுவும் நானே' என்ற வரி பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, உறுதிக் கடிதம் போக வேண்டிய அஞ்சல் பெட்டியாக இதுவரை ஒன்றைக் குறித்திருந்த இடத்தில், சின்னவளின் சொந்தப் பெட்டியும் இரண்டாவதாகக் குறிக்கப்பட்டது. இனி அவள் எந்த ஊரிலிருந்தும் உள்ளே வரலாம். புது முகவரியை வில்லைக்காரர்களின் தளத்துக்கும் நூல் பரிமாறும் தளத்துக்கும் அவள் பயன்படுத்துவாள். கனவேட்டில் இருவரும் எழுதுவார்கள். எழுதியது யார் என்று அடியில் குறிக்கமாட்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம், நீக்கக் கூடாது. பெரியவள் தேதிக் குறிப்பேட்டைத் தொடர்வதில்லை. முகவரியின் பதிவை ஆண்டுதோறும் ஜூன் பத்தாம் தேதிக்குள் பெரியவள் புதுப்பிப்பாள். அந்தத் தேதிக்குள் அவள் புதுப்பிக்காவிட்டால், காரணம் கேட்காமல், சின்னவள் புதுப்பிப்பாள். இதற்கு வேண்டிய விவரங்கள் எல்லாம் ஒரு தாளில் எழுதப்பட்டு அவளிடம் கொடுக்கப்பட்டன.